நாலரை மணிக்கு வந்த திசு

நான் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரையில் பயின்றவன். அரசு மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவும் பணியாளனாகச் சேர்ந்து, பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்டு, திசு வெட்டும் தொழில்நுட்பராக ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பின்னரும் பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் அதே வேலையைச் செய்துவருகிறேன். உடலிலிருந்து அகற்றப்பட்ட கட்டிகளை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைக் காட்டிலும் மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி மருத்துவரிடம் கொடுப்பதே என் தொழில். இவ்வேலையில் எனக்கு நேர்ந்த பெரும்பிழை, என் உடன்பிறந்த தங்கையின் திசுவில் நேர்ந்தது. அதனை நடந்தவாறே எழுதுகிறேன்.

தங்கை சேரன்மகாதேவியில் வாழ்க்கைப்பட்டவள். அறுபத்தோராம் வயதில் இடது மார்பில் கட்டி கண்டது. ஊசி வைத்துத் துணுக்கு எடுத்து வேறொரு கூடத்தில் சோதித்ததில் புற்று என்று உறுதியாயிற்று. அக்கட்டிக்கு ஹார்மோன் ஏற்பி உண்டா இல்லையா என்பதை அப்போது பார்க்கவில்லை. எப்படியும் அறுவை செய்யப்போகிறோம், பெரிய திசு கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஏற்பி என்றால் என்னவென்று இங்கே சொல்லியாக வேண்டும். மார்பகப் புற்றுச் செல்களில் பலவற்றுள், பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஒருவகைப் புரதம் இருக்கும். அதுவே ஏற்பி. அஃது இருக்குமாயின், அந்தப் புற்று ஹார்மோனை உண்டு வளர்கிறது என்று பொருள். அந்த உணவைத் தடுக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும். ஏற்பி இல்லையெனில் மாத்திரையால் பயனில்லை. நரம்பில் ஏற்றும், கீமோ எனப்படும் கடுமருந்து ஒன்றையே நம்ப வேண்டும். ஆகவே ஏற்பிச் சோதனையின் முடிவைப் பொறுத்தே, அறுவைக்குப் பிறகு என் தங்கைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதும் கிடைக்காததும் இருந்தது.

சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமையன்று வண்ணாரப்பேட்டையில் உள்ள மருத்துவமனை ஒன்றில் அறுவை நடந்தது. எங்கள் பக்கத்துச் சிறிய மருத்துவமனைகளில், அகற்றிய திசுவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் மருந்தோடு இட்டு மூடி, வெளியில் காத்திருக்கும் உறவினரின் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அதைப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பது உறவினரின் பொறுப்பு. என் தங்கையின் கணவர் அதைப் பெற்றுக்கொண்டார். பால் கூட்டுறவுச் சங்கமொன்றில் செயலாளராயிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முறையாகச் செய்பவர். பஞ்சாங்கத்தைப் பாராமல் ஒரு காரியத்தைத் தொடங்காதவர். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

“அத்தான், வெளிய குடுத்துட்டாங்க. கையிலதான் வச்சிருக்கேன். மணி மூணு ஆகப்போகுது, செவ்வாக்கிழமை பாத்துக்கிடுங்க. ராகுகாலம் கழிச்சு நாலரைக்கு மேல கொண்டாரட்டா?”

“மருந்துல போட்டிருக்காங்கல்லா?” என்று கேட்டேன்.

“போட்டு மூடித்தான் தந்தாங்க.”

“அப்பம் சரி மாப்ள. பைய வாங்க.”

வேறொருவர் இவ்வாறு கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை எங்கள் கூடத்தில் எவரும் அறிவர். தாமதமாக டப்பாவைக் கொண்டுவரும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்திக் கடிந்துகொள்பவன் என்று எனக்குப் பெயருண்டு. ஆனால் எங்கள் குடும்பத்தில் தங்கையை மணந்தவர் சொல்லும் சொல்லை மறுத்துரைக்கும் வழக்கமில்லை. என் தந்தையார் தம் மைத்துனரிடம் அவ்வாறே நடந்துகொண்டார்; நானும் முப்பத்தெட்டு ஆண்டுகளாக அவ்வாறே நடந்துகொண்டேன். மேலும், அச்சோதனையில் தங்கையின் வாழ்வே அடங்கியிருப்பதால் நல்ல நேரத்தில் தொடங்கட்டும் என்று அவர் எண்ணியது எனக்குத் தவறாகவும் படவில்லை. மருந்தில்தானே இருக்கிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அந்தச் சமாதானம் செல்லாது என்பது நான் அறியாததன்று. ஊசியில் எடுத்த நூல்போன்ற துணுக்கினுள் ஃபார்மலின் விரைவில் ஊறிவிடும். முழு மார்பகம் அப்படியன்று. மருந்து மேல்தோலிலிருந்து மிக மெதுவாகவே உட்புகும். ஆகையால் திசு வந்தவுடன் மருத்துவர் அதைக் கத்தியால் கீறிப் பிளந்து, மருந்து உள்ளே செல்ல வழி செய்வார். கீறாவிட்டால், வெளியே பதப்பட்டும் உள்ளே கெட்டும் போகும். ஏற்பி போன்ற நுண்புரதங்களே முதலில் அழியும்.

மைத்துனர் சாலையோரத்தில் காரை நிழல் பார்த்து நிறுத்தி, டப்பாவைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். நாலரை கடந்து சில நிமிடங்களில் கூடத்துக்கு வந்து, இரு கைகளாலும் டப்பாவை என்னிடம் கொடுத்தார். அதற்குள் எங்கள் மருத்துவர் புறப்பட்டுப் போயிருந்தார். அவர் பாளையங்கோட்டையைச் சேர்ந்த பெண்மணி. என் மகள் வயதினர். நாள்தோறும் நான்கு மணிக்குக் கிளம்புபவர். தொலைபேசியில் அழைத்திருந்தால் திரும்பி வந்திருப்பார். நான் அழைக்கவில்லை.

அழைக்காததற்கும் ஒரு காரணம் உண்டு: அவர் வந்தால் என் கண்ணெதிரே அந்த டப்பாவைத் திறப்பார். எந்தத் திசு வந்தாலும் மூடியைத் திறந்து, மருந்து போதுமா என்று பார்த்து, குறைந்தால் ஊற்றுவது என் பழக்கம். அன்று மூடியைத் திறக்க என் கை வரவில்லை. உள்ளே இருந்தது என் தங்கையின் மார்பு. நூற்றுக்கணக்கான பெண்களின் திசுக்களை எந்தக் கூச்சமுமின்றிக் கையாண்டவன், அன்று அந்த டப்பாவை அலமாரியின் கீழ்த்தட்டில், பெயர்ச்சீட்டு சுவரைப் பார்த்திருக்கும்படி வைத்துவிட்டு வீடு சென்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மருத்துவர் திறந்தபோது, மருந்து பாதியளவே இருந்தது. திசு டப்பாவில் நெருங்கித் திணிந்திருந்தது. அவர் மேலும் மருந்தூற்றிக் கீறி வைத்தார். எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்து நாட்களுக்குப் பின் ஏற்பிச் சோதனை செய்தோம். இச்சோதனைக்கு முன்பாக, சீவல் ஒட்டிய கண்ணாடிகளை ஒரு கரைசலில் இட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். அதற்கென்று பெரிய கூடங்களில் கருவி உண்டு. எங்களிடம் இருப்பது நெல்லை டவுனில் வாங்கிய ஐந்து லிட்டர் குக்கர். மூன்று விசில் வந்ததும் இறக்கி, ஆறவைத்து, மருந்துகளை ஒவ்வொன்றாக இடுவோம். ஏற்பி இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பு நிறமாகும். இல்லையெனில் நீலமாகவே நிற்கும். தங்கையின் ஸ்லைடு முழுதும் நீலம். உடன் வைத்த, ஏற்பி உண்டு என்று முன்பே அறிந்த சோதனை ஸ்லைடு நன்றாகப் பழுப்பேறியிருந்தது. ஆகவே சாயத்தில் குறையில்லை என்று கொண்டோம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரான் ஏற்பி என்னும் இருவகையும் இல்லை என்று அறிக்கை சென்றது. புற்றுநோய் மருத்துவர் அதைப் பார்த்து, மாத்திரை கிடையாது, கடுமருந்தை அடுத்த மாதம் தொடங்கலாம் என்று தங்கையிடம் கூறிவிட்டார்.

அந்த அறிக்கையை நான் நம்பினேன் என்று சொல்வதே உண்மை. உள்ளே ஏதோ நெருடியது என்று இப்போது எழுதினால் அது பொய்யாகும்.

நெருடியது எங்கள் மருத்துவருக்கு. அவர் தம் மேற்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். செல்லுக்குச் சூடு, பட்டினி, நச்சு என எந்த நெருக்கடி வந்தாலும், மற்றப் புரதங்கள் உருக்குலையாதபடி தாங்கிப் பிடிக்கும் புரதங்கள் சில உண்டு. அவற்றை அழுத்தப் புரதம் என்பார்கள். மார்பகப் புற்றில் அந்த அழுத்தப் புரதத்துக்கும் ஹார்மோன் ஏற்பிக்கும் என்ன உறவு என்பதே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். வந்த கட்டிகளில் எல்லாம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பார். தங்கையின் சீவலிலும் பார்த்தார். ஒருநாள் முற்பகலில் என்னை அழைத்தார்.

“அண்ணாச்சி, இங்க வந்து இதப் பாருங்க. அழுத்தப் புரதம் எப்படி நிக்குதுன்னு.”

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். புற்றுச் செல்கள் அனைத்தும் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தன.

“நல்லா ஏறியிருக்கு டாக்டர்.”

“இந்தப் புரதம் ஈஸ்ட்ரோஜன் தூண்டினாலும் கூடும். நான் இதுவரைக்கும் பாத்ததுல, இது இவ்வளவு ஏறியிருந்தா பெரும்பாலும் ஏற்பியும் இருக்கு. இதுல ஏற்பி சுத்தமா இல்ல. எனக்கு உறுத்துது.”

“விதிவிலக்கா இருக்கலாமே.”

“இருக்கலாம். வெட்டி எடுத்த பெறகு செல்லு தவிக்கிற நேரத்துலயே இது கூடியிருக்கவும் செய்யலாம். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நோயில்லாத பால்குழாய் இருக்கிற மெழுகுக் கட்டி ஏதாவது இருக்கா? அதுல ஏற்பி போட்டுப் பாப்போம்.”

அவர் கேட்டதன் காரணம் எனக்குச் சட்டென்று விளங்கியது. நோயற்ற பால்குழாய்களில் ஏற்பி இயல்பாகவே கொஞ்சம் இருக்கும். அங்கே பழுப்பு தெரிந்தால் திசு நன்றாக இருக்கிறது, புற்றில்தான் ஏற்பி இல்லை என்று துணியலாம். அங்கும் இல்லையென்றால் திசுவே கெட்டுவிட்டது. நாம் கொடுத்த அறிக்கை செல்லாது. முதல் சோதனைக்கு நான் தேர்ந்தெடுத்த மெழுகுக் கட்டியில் புற்று மட்டுமே இருந்தது. அதே திசுவிலிருந்து பதித்த இன்னொரு மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்து வெட்டினேன். மறுநாள் ஸ்லைடு ஆயத்தமாயிற்று. பால்குழாய்கள் வரிசையாக, அழகாக, முழு நீலமாக இருந்தன.

மருத்துவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“இது எப்ப வந்துச்சு அண்ணாச்சி?”

சொன்னேன். ராகுகாலத்தையும், நான் தொலைபேசியில் சொன்ன சொல்லையும், மூடியைத் திறவாததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“வேற யாராவது இப்படிக் கொண்டாந்திருந்தா வாசல்ல வச்சு ஒரு வழி பண்ணியிருப்பீங்க.”

“பண்ணியிருப்பேன்.”

“நானும் அன்னைக்குக் காலையில கேட்டிருக்கணும். பாதி மருந்துதான் இருந்துச்சு, பாத்தேன், கேக்கல.” ஸ்லைடைக் கழற்றிவைத்துவிட்டு, “மொதல்ல ஊசி வச்சு எடுத்தாங்கல்லா, அந்தத் துணுக்கு எங்க இருக்கு?” என்றார்.

அது வேறொரு கூடத்தில் மெழுகுக் கட்டியாக இருந்தது. எடுத்த கணமே மருந்தில் விழுந்த துணுக்கு அது. அதைத் திரும்பப் பெறுவதற்கு நோயாளியோ கணவரோ கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். நானே போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன். கடுமருந்து தொடங்க ஒரு வாரமே இருந்தது.

அன்று பிற்பகல் பேருந்தேறிச் சேரன்மகாதேவிக்குச் சென்றேன். மைத்துனர் முன்னறையில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை உள்ளறையில் படுத்திருந்தாள். குரலைத் தாழ்த்தி, வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் செய்தித்தாளை நான்காக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

“ராகுகாலம் பாத்ததுனால கெட்டுப்போச்சுங்கியளா?”

“தாமசத்தால கெட்டுப்போச்சு மாப்ள. நீங்க கேட்டதுல தப்பில்ல. நான் சரின்னு சொன்னதுதான் தப்பு.”

“எனக்கென்ன தெரியும், மாட்டுக்கு ஊசி போடுத விசயமா அது. உங்களுக்குத் தெரியும்னுதானே உங்கள்ட்ட கேட்டேன். ஒரு வார்த்த, ‘உடனே கொண்டாருமய்யா’ன்னு சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே அத்தான்.”

“உங்க பேச்ச மறுத்துப் பழக்கமில்ல.”

“இந்த மரியாதைய உங்ககிட்ட யாரு கேட்டா?”

அவர் சினந்து பேசவில்லை, உண்மையாகவே வினவினார். பிறகு எழுந்துபோய்ப் பேனா எடுத்துவந்து, நான் எழுதிவைத்திருந்த கடிதத்தை இருமுறை படித்துக் கையெழுத்திட்டார்.

“அவளுக்குத் தெரிய வேண்டாம்” என்றார்.

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. “யாரு, அண்ணாச்சியா வந்திருக்கு? ரெண்டு பேரும் அங்கன என்ன குசுகுசுன்னு பேசுதிய? காப்பி குடிக்காமப் போயிராதிய.”

மறுநாளே துணுக்கு வந்து சேர்ந்தது. மெழுகுக்குள் மூன்று நூல்கள். ஒவ்வொன்றும் சீரகத்தின் பருமன். முதற்கூடத்தார் ஏற்கெனவே வெட்டியதில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டிருந்தது. மேல்மெழுகைச் சமன்செய்வதற்காக வெட்டும்போது ஒரு சுற்று அதிகமாகப் போனாலும் இருப்பதும் போய்விடும். இதற்கு மாற்றுத் திசு உலகத்தில் வேறெங்கும் இல்லை. என் கை அறுபத்தெட்டு வயதுக் கை. எங்கள் கூடத்தில் என்னைவிட இளைய தொழில்நுட்பர் ஒருவர் உண்டு. அவரை வெட்டச் சொல்லலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன்.

“நீங்களே வெட்டுங்க. ஏற்பி ரெண்டுக்கும் முதல்ல. மிச்சம் இருந்தாத்தான் என் ஆராய்ச்சிக்கு. இல்லன்னா வேண்டாம்.”

மெழுகுக் கட்டியை ஐஸ்மேல் வழக்கத்தினும் நெடுநேரம் வைத்தேன். புதிய பிளேடு பொருத்தினேன். வெட்டுக்கருவியின் சக்கரத்தை ஒரு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துப் பார்த்துச் சுழற்றினேன். நூல்களின் பளபளப்பு தெரிந்தவுடன் சீவல்களைப் பிடிக்கத் தொடங்கினேன். ஏழு சீவல்கள் நாடாவாக வந்தன. எட்டாவதில் இரண்டு நூல்களைக் காணவில்லை, நிறுத்திவிட்டேன். வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடிகளில் ஏற்றினேன். அன்று குக்கரின் அருகே நானே நின்றேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மருத்துவர் ஸ்லைடை வைத்துப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின் எழுந்து தம் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். மூன்றில் இரண்டு பங்குச் செல்களின் உட்கருக்கள் பழுப்பாக இருந்தன. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு பால்குழாயும் ஆங்காங்கே பழுப்பேறியிருந்தது. இரண்டாம் ஏற்பி குறைவாகத்தான் இருந்தது, எனினும் இருந்தது. அழுத்தப் புரதத்தை மிச்சச் சீவலில் போட்டுப் பார்த்தார், அதுவும் ஏறியது. தம் ஆராய்ச்சியில் அறுவைத் திசுவின் கணக்கை நீக்கிவிட்டதாகப் பிறகு சொன்னார். பழைய அறிக்கையை விலக்கி, காரணத்தையும் குறிப்பிட்டுப் புதிய அறிக்கை எழுதினார். திசு தாமதமாகப் பதப்பட்டது என்று அதில் இருந்தது. யாரால் என்று இல்லை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மறுபடியும் சேரன்மகாதேவிக்குச் சென்றேன். இம்முறை தங்கை முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆசிரியப் பயிற்சி முடித்தவள், ஆங்கிலம் வாசிப்பாள். இரண்டு அறிக்கைகளையும் மடியில் விரித்துக்கொண்டாள்.

“இதுல இல்லன்னு இருக்கு. இதுல இருக்குன்னு இருக்கு. எது நெசம்?”

“ரெண்டாவதுதான்.”

“அப்பம் மொதலாவது?”

மைத்துனர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் சொல்லத் தொடங்கினேன். “என்னோட தப்பும்மா. திசு வந்த அன்னைக்கு…”

“நாந்தான் காரணம்” என்று அவர் ஜன்னலைப் பார்த்தவாறே சொன்னார். “நாலரை மணிக்கு மேல கொண்டு போனேன். அத்தானும் சரின்னாவொ.”

தங்கை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அறுவைத் தழும்பின்மேல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“நல்லாருக்கு. நான் அங்கன மயக்கத்துல கெடக்கேன். நீங்க ரெண்டு பேரும் எனக்கு நல்ல நேரம் பாத்தியளாக்கும்.”

அவள் இரண்டு அறிக்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

“பழிய ஆளுக்குப் பாதியா வச்சுக்கிடுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. அந்த டாக்டரம்மா தோண்டிப் பாக்காம விட்டிருந்தா?”

“மாத்திரை கெடச்சிருக்காது.”

“அது எத்தன வருசம் திங்கணும்?”

“அஞ்சு வருசம். அதுக்குப் பெறகும் வேணும்னா நீட்டுவாங்க.”

“அஞ்சு வருசம் நான் இருப்பேன்னு நெனைக்காங்களா?”

“அதுக்குத்தான் குடுக்காங்க.”

அவள் அறிக்கைகளை மடித்து உறையிலிட்டாள். கணவரைப் பார்த்து, “அங்கன நின்னு என்ன பாக்கிய? அண்ணாச்சிக்குச் சோறு எடுத்து வைங்க” என்றாள். அவர் உடனே உள்ளே சென்றார்.

கடுமருந்து முடிந்து மாத்திரை தொடங்கி இப்போது இரண்டாம் ஆண்டு நடக்கிறது. எங்கள் கூடத்தில், மார்பகத் திசு எந்நேரம் வந்தாலும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பது என்று நான் வழக்கமாக்கிவிட்டேன். இருமுறை அவர் உணவுத் தட்டைவிட்டு எழுந்து வந்திருக்கிறார்.

தங்கைக்கு முழங்காலும் விரல் மூட்டுகளும் வலிக்கின்றன. அம்மாத்திரை உண்பவர் பலருக்கும் வருவதுதான். வேண்டுமானால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருகிறேன் என்று புற்றுநோய் மருத்துவர் கூறியிருக்கிறார். சென்ற மாதம் நான் போனபோது, படியிறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாத்திக்கிடலாமே” என்றேன்.

“வலிச்சா மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தமா அண்ணாச்சி?”

“அப்படியெல்லாம் இல்லம்மா. வலிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.”

“நான் அப்படித்தான் வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடியே அடுத்த படியில் காலை வைத்தாள்.